தோழியின் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்து உதவுவது எப்படி

நம் ஊரில் உதவிப் பணத்துக்குச் சத்தம் உண்டு. மொய் எழுதும்போது பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன. திருப்பிச் செய்ய வேண்டியது நோட்டில் ஏறிவிடுகிறது. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகள் இந்த ஏற்பாட்டையே ஒரு கடன் முறையாக வளர்த்துவிட்டன. குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தோழிக்கு உதவும்போது ஒலிபெருக்கி அறவே கூடாது. நோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும். கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்வோம்" என்று எழுதுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார், ஆனால் அன்று மாலைக்குள் அந்தச் செய்தி தோழியின் மாமியார் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே முதலில் தோழியிடம் தனியாகப் பேசுங்கள். குறை யாரிடம் என்று கேட்காதீர்கள். "என்ன வேண்டுமானாலும் கேள்" என்பது கேட்கும் பாரத்தை அவர் தலையிலேயே ஏற்றிவிடும். "என்னால் அறுபதாயிரம் தர முடியும், மருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்" என்பது அப்படியன்று. பணம் வருவது அவருடைய கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய பணம், சிகிச்சை கைகூடாத நாளில் வீட்டுச் சண்டைக்குக் காரணமாகும்.

அடுத்து, மொத்தச் செலவைக் கணக்கிட அவரோடு உட்காருங்கள். ஐ.வி.எஃப். என்பது முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் முறை; அதில் ஒரு முழு முயற்சியைச் சுழற்சி என்பார்கள். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் ஒரு சுழற்சிக்குப் பொதுவாக ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆகிறது. சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். "பேக்கேஜ்" என்று சொல்லப்படும் தொகையில் எது அடக்கம், எது அடக்கமில்லை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். கருமுட்டைகளை வளர்ப்பதற்காகப் பத்து நாள் அளவில் போடப்படும் ஊசிகள், விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை, மிஞ்சிய கருக்களை உறையவைப்பது, அவற்றுக்கான ஆண்டுக் கட்டணம், உறைந்த கருவைப் பின்னொரு மாதத்தில் கருப்பையில் வைப்பது ஆகியவை பல இடங்களில் தனித்தனி ரசீதாகவே வரும். ஊசி மருந்தை வெளிக்கடையில் வாங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவற்றில் பல குளிர்நிலையில் வைக்கப்பட வேண்டியவை என்பதால் பனிக்கட்டிப் பெட்டியோடு போக வேண்டும். ஐ.வி.எஃப். உள்ளிட்ட கருத்தரிப்புச் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டென்று 2022இல் தெளிவுபடுத்தப்பட்டிருக்கிறது. சிகிச்சைக் கட்டணத்தின்மேல் அந்த வரி போடப்பட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

பணம் கொடுக்க வசதியில்லாதவர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றும் இருக்கிறது. பழைய பரிசோதனை முடிவுகளையும் ஸ்கேன் படங்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கிக் கொடுங்கள். மருத்துவமனை மாறும்போதெல்லாம் அதே இரத்தப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்வது எத்தனையோ குடும்பங்களின் பணத்தைத் தின்றிருக்கிறது. கணவரின் விந்துப் பரிசோதனை அந்தக் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, மனைவிக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பது இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

காப்பீட்டில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். இந்தியாவின் மருத்துவக் காப்பீடுகளில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை "Excl17" என்ற விலக்குக் குறியீட்டின் கீழ் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். ஆயினும் சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் இதைச் சேர்த்திருக்கின்றன. தோழியின் அலுவலகம், கணவரின் அலுவலகம் இரண்டின் காப்பீட்டு விவரங்களையும் படித்துப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால், 2011இல் வந்த ஆணை நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூன்று சுழற்சிகள் வரை, ஒவ்வொன்றுக்கும் 65,000 ரூபாய் அளவில் திரும்பப் பெற வழி செய்தது. முன்அனுமதி முக்கியம் என்பதால் சிகிச்சை தொடங்கும் முன்பே இன்றைய விதிகளை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் உண்டு. அங்கே காத்திருக்க வேண்டிவரலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவருக்குக் காத்திருப்பும் ஒரு செலவுதான்.

மலிவு என்பதற்காக எங்கும் போய்விடவும் கூடாது. கருத்தரிப்புச் சிகிச்சை மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் நிலைப் பதிவு மட்டும் உள்ள மையத்தில் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்யலாம், ஐ.வி.எஃப். செய்ய இயலாது. இச்சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது என்று உச்சவரம்பும் அச்சட்டத்தில் இருக்கிறது. குறைந்த விலையில் கருமுட்டை தருவதாக வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் விற்கப்பட்டது 2022இல் வெளிவந்ததை நாம் மறக்கவில்லை.

இனி, பணம் கைமாறும் விதம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். வருமானவரிச் சட்டத்தின் கண்ணில் தோழி உறவினர் அல்லர். ஐந்து பேர் ஆளுக்கு இருபதாயிரம் அன்பளிப்பாக அனுப்பினால் அந்த ஒரு லட்சமும் வரிக்குள் வந்துவிடும். கணவனுக்கும் மனைவிக்கும் இந்த வரம்பு தனித்தனி என்பதால் பிரித்துக் கொடுக்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்பதே நேரான வழி. கைமாற்று என்றால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தண்டத் தொகை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, திருப்பித் தரும்போதும் இவ்விதி பொருந்தும். வங்கி வழியாக அனுப்பி, தொகை, தேதி, எப்போதிலிருந்து எவ்வளவு திருப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நான் நோட்டு என்று சொன்னது இதைத்தான். குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் தவணை ஒன்றே என்று அதில் எழுதுவது நல்லது.

பணத்தை மருத்துவமனையில் நேரடியாகக் கட்டுவதைவிட அவர்களுடைய கணக்கில் போடுவதையே நான் விரும்புவேன். கட்டணம் செலுத்தும் இடத்தில் நிற்பவருக்கு எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை கரு தேறியது என்றெல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் கருத்துச் சொல்லாமலிருப்பது எளிதன்று. அப்படிச் சொல்லப்படும் கருத்துகளில் ஒன்று, "இரண்டு கருவாக வைத்தால் ஒரே செலவில் முடியுமே" என்பது. இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம் மிகுதி. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் தங்கினால் வரும் செலவு இன்னொரு சுழற்சியின் செலவையே விஞ்சக்கூடும். எத்தனை கரு என்பது மருத்துவரும் தம்பதியும் முடிவு செய்ய வேண்டியது.

கருவை வைத்த நாளிலிருந்து இரத்தப் பரிசோதனை வரையிலான இரண்டு வாரங்களில் "என்ன ஆயிற்று" என்று கேட்காதீர்கள். முதல் சுழற்சி பலிக்காமல் போவது மிகச் சாதாரணம் என்பதால், உங்கள் தொகை முழுவதையும் அதிலேயே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, அப்படி நிறுத்தியிருப்பதைத் தோழியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். உறைந்த கரு இருந்தால் அடுத்த முயற்சிக்கு முட்டை எடுக்கும் செலவு இராது. அந்தப் பகுதியே பெருமளவு போதும். இதோடு நிறுத்திவிடலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால், மிச்சப் பணத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்; தாளில் எழுதிய தேதி வரட்டும்.