தொடக்ககாலக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கல்லூரி விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி எழுத முற்படுவோர் முதலில் தேடுவது அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைத்தான். எளிதில் கிடைப்பதும் அதுவே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பணியேற்றவர்களைப் பொறுத்தவரை, அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1907 வரை நடத்திய, அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அங்கே வென்றதைவிட மிகுதியாகத் தோற்ற தலைமைப் பயிற்சியாளர் அவர் ஒருவரே. இதை மட்டும் வைத்து எழுதினால் அவர் திறமையற்றவராகத் தோன்றுவார்.

எனவே அவர் எந்தப் பதவிக்காக அழைக்கப்பட்டார் என்பதிலிருந்து தொடங்குங்கள். 1898இல் கான்சஸுக்கு வந்தபோது அவருக்குத் தரப்பட்டவை உடற்கல்விப் பொறுப்பும் சிற்றாலய வழிபாட்டுப் பொறுப்பும்தான். அணியை நடத்துவது அவற்றோடு ஒட்டிய வேலை. எதிரணிகளின் பெயர்களையும் பாருங்கள். 1899 பிப்ரவரியில் நடந்த முதல் ஆட்டத்தில் கான்சஸ் அணி 16–5 என்று தோற்றது, மற்றொரு கல்லூரியிடம் அல்ல, கான்சஸ் சிட்டி நகரின் ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறித்தவச் சங்கம்) அணியிடம்.

இளமைப் பருவத்தை எழுதும்போது, பிற்காலப் பணியை விளக்கும் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 1861இல் கனடாவின் இன்றைய ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, பள்ளியை இடையில் விட்டு மரம் வெட்டும் வேலைக்குப் போனவர், மீண்டும் படிக்க வந்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் இறையியலும், டென்வரில் மருத்துவமும் கற்றார். பிரசங்க மேடையை விட்டு உடற்பயிற்சிக் கூடத்தை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு விடை காண இவை உதவும்.

கூடைப்பந்து பிறந்த புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு வரும்போது நிதானம் தேவை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நடந்ததைத் திடீர் ஞானோதயமாக எழுதுவது பெரும்பாலோர் வழக்கம்; உண்மையில் அது தடைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கண்ட தீர்வு. குளிர்காலத்தில் உடற்பயிற்சியில் சலித்துப்போன 18 மாணவர்களுக்கு உள்ளரங்க விளையாட்டு ஒன்றைப் பதினான்கு நாளில் உருவாக்குமாறு அப்பள்ளியின் உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக் பணித்திருந்தார். கடினமான தரையில் மோதி விழுந்தால் எலும்பு முறியும். பந்துடன் ஓடக் கூடாது என்றாக்கினால் ஓடுபவரைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. இலக்கைத் தலைக்கு மேலே கிடைமட்டமாக வைத்தால் பந்தை ஓங்கி அடிக்காமல் வளைவாக எறிய வேண்டியிருக்கும். பீச் பழக் கூடைகள் அறையப்பட்ட பால்கனியின் விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தது. வளையத்தின் உயரம் இன்றும் அதுவே. அவர் எழுதிய பதின்மூன்று விதிகளை வரிவரியாகப் படிப்பவருக்கு இந்தச் சிந்தனை ஓட்டம் தானே புலப்படும்.

வாய்வழிக் கதைகளை அவற்றின் இடத்தில் வையுங்கள். கூடைப்பந்தை விளையாடலாமே தவிரப் பயிற்றுவிக்க முடியாது என்று தம் மாணவர் ஃபாக் ஆலனிடம் நெய்ஸ்மித் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. சுவையானது, ஆனால் 'சொல்லப்படுகிறது' என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை. அந்த ஆலன் பின்னர் கான்சஸ் அணியைப் பல பத்தாண்டுகள் பயிற்றுவித்தார் என்பது உறுதியான செய்தி.

கல்வியாளரை அளக்க மாணவர்களே தக்க சான்று. இப்பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். 1930களில் நெய்ஸ்மித்திடம் பயின்ற ஜான் மெக்லெண்டன் கறுப்பினத்தவர் என்பதால் கான்சஸ் அணியில் ஆட அனுமதிக்கப்படவில்லை. அவரே பின்னாளில் டென்னசி ஏ அண்ட் ஐ பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்து, 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. (அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டுச் சங்கம் ஒன்று) பட்டம் வென்று தந்தார். ஆசிரியரின் பெருமையைச் சொல்லும் அதே பத்தியில், அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம் அந்த மாணவருக்கு எதை மறுத்தது என்பதையும் எழுதுங்கள்.