காவலரின் பழைய கோப்பும் பெயர் தெரியாத தகவலாளியும்: குறுக்கு விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு கஞ்சா வழக்கில் இளம் வழக்கறிஞர் ஒருவர் சார்பு ஆய்வாளரிடம், "உங்களுக்குத் தகவல் சொன்னவர் யார்?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியைக் கேட்டு ஒரு வழக்கைக் கெடுத்திருக்கிறேன். குற்றப்பத்திரிகையைப் படிக்காமல் வருவது போன்ற பிழைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை நீதிபதியே திருத்திவிடுவார்.

தகவலாளியின் பெயரைக் கேட்பது

குற்றம் பற்றிய தகவல் தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 131-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 125. போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பெயரைக் கேட்டால் அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிப்பார், கேள்வி நிராகரிக்கப்படும், "சொன்னால் அவர் உயிருக்கு ஆபத்து" என்று கூறும் வாய்ப்பைச் சாட்சிக்கு நாமே கொடுத்திருப்போம்.

அந்தப் பிரிவுகள் மறைப்பது தகவல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே. எத்தனை மணிக்கு வந்தது, யார் எழுதினார், மேலதிகாரிக்கு எப்போது போனது என்று தாராளமாகக் கேட்கலாம். வீட்டுச் சோதனை என்றால், போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் உடனடி மேலதிகாரிக்கு நகல் அனுப்பியாக வேண்டும். தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அறவே செய்யாமல் விட்டதை ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பேருந்து நிறுத்தத்தில் பிடித்த வழக்குக்கு 43-ஆம் பிரிவு பொருந்தும் என்பதால், அங்கே இந்த வாதம் எடுபடாது.

என்னுடையது வீட்டுச் சோதனை வழக்குதான். பெயரைச் சுற்றியே மூன்று கேள்விகள் கேட்டேன். மூன்றும் நிராகரிக்கப்பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை பேருந்தில் நகல்களைப் புரட்டியபோதுதான், தகவல் வந்த நேரம் 10.40 என்றும் மகஜர் (சோதனை நடந்த இடத்தில் எழுதும் பதிவு) தொடங்கிய நேரம் 10.15 என்றும் இருந்ததைக் கண்டேன். சாட்சியை மீண்டும் அழைக்கக் கோரி அன்றைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 311-ஆம் பிரிவில் போட்ட மனு தள்ளுபடியாயிற்று. இறுதி வாதத்தில் அந்த முரண்பாட்டைச் சொன்னேன். சாட்சியிடம் கேட்டு விளக்கம் பெறாததை ஏற்க இயலாது என்று தீர்ப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கட்சிக்காரர் சிறைக்குப் போனார்.

தகவலாளியே பணத்தோடு வாங்கச் சென்றவர் என்று ஆவணங்களில் தெரிந்தால் நிலைமை வேறு. அவர் சம்பவத்தில் பங்கெடுத்தவர் ஆகிவிடுவதால், அவரைச் சாட்சியாகக் கேட்டு மனுப் போட அடிப்படை உண்டு.

ஆய்வாளரின் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது

ஆய்வாளர் முன்பு பெற்ற துறைரீதியான தண்டனைகளை இப்படிக் கேட்டால், ஒழுங்கு நடவடிக்கை விவரம் தனிப்பட்ட தகவல் என்ற 2012-ஆம் ஆண்டின் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே தீர்ப்பைக் காட்டி மறுப்பு வரும். அதற்குள் சாட்சி விசாரணையே முடிந்துபோகலாம். புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின் கீழ், எந்தத் தண்டனை ஆணை, எந்த ஆண்டு, இந்த வழக்குக்கு என்ன தொடர்பு என்று குறிப்பிட்டு விசாரணை நீதிமன்றத்திலேயே மனுப் போடுங்கள். இத்தகைய உத்தரவு இடைக்கால உத்தரவு என்பதால் சீராய்வு மனுப் போட முடியாது என்று 2009-இல் சேதுராமன் வழக்கில் முடிவாகியிருக்கிறது. ஆகவே முதல் மனுவையே பிசகில்லாமல் எழுத வேண்டும்.

கிடைத்த கோப்பை வைத்து நடத்தையைத் தாக்குவது

நடத்தையைப் பற்றிய கேள்விக்குச் சாட்சி "இல்லை" என்றால், சாக்ஷ்ய அதினியத்தின் 156-ஆம் பிரிவின்படி அதை மறுத்துச் சாட்சியம் கொண்டுவர முடியாது. முன்தண்டனையும் பாரபட்சமும் மட்டுமே விலக்கு. துறைரீதியான தண்டனை நீதிமன்றம் அளித்த தண்டனை ஆகாது. எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) அண்ணன் கொடுத்த புகாரால்தான் அந்த ஆய்வாளர் தண்டிக்கப்பட்டார் என்றால் மட்டும், அதே கோப்பு பாரபட்சத்துக்குச் சான்றாகிறது.

அரசுத் தரப்பு சார்ந்திராத ஆவணங்களின் பட்டியலைக் கேட்காமல் விடுவது

2022-இல் மனோஜ் வழக்கிலும், தமிழ்நாட்டிலிருந்தே போன பொன்னுசாமி வழக்கிலும் காவல்துறை கைப்பற்றியும் அரசுத் தரப்பு பயன்படுத்தாமல் விட்ட ஆவணங்களின் பட்டியலைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் (முறைப்படி பதிவு செய்யும்) முன்பே கேளுங்கள்.

வழக்கு நாட்குறிப்பைக் கேட்பது

விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் இந்தக் குறிப்பு கிடைக்காது. கூண்டில் நிற்கும் விசாரணை அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னால் மட்டும் உடனே எழுந்து கேளுங்கள்.