112-க்கு அழைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு. நடந்தது வாய்ச்சண்டைதான். ஆனால் அப்படிச் சொன்னால் போலீஸ் நாளைக்குத்தான் வரும் என்று நினைத்து, "அருவாளோட வெட்ட வர்றானுங்க, சீக்கிரம் வாங்க சார்" என்று அவசர உதவி எண்ணான 112-இல் சொல்லிவிடுகிறார்கள். இல்லாத அந்த அரிவாள்தான் பின்னால் வழக்காகி நிற்கும்.

பொய் என்று தெரிந்தே அரசு ஊழியரிடம் தகவல் சொல்லி, அவர் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தொல்லையாகத் திருப்பிவிட்டால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு பாயும். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவில் இது ஆறு மாதமும் 1,000 ரூபாயும்தான். அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு "ஆயிரம் ரூபாய் கட்டினால் தீர்ந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளின் பெயரைச் சொல்லி, கெடுதல் செய்யும் எண்ணத்தோடு குற்றம் சுமத்தினால் 248-ஆம் பிரிவு: ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொலை முயற்சி போன்ற பெருங்குற்றத்தைப் பொய்யாகச் சுமத்தி வழக்குத் தொடங்க வைத்தால் பத்தாண்டு வரை போகும்.

அடுத்த தவறு, பெரியவர்களை வைத்துப் பேசி சமாதானம் ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவது. 217-இல் புகார்தாரர் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இல்லை. பொய்த் தகவலைப் பெற்ற அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ நீதிமன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு ஓராண்டு வரை அவர்களுக்கு நேரம் உண்டு. நீங்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டதால் அது தானாக நின்றுவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று அழைக்காமலே இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "தெரிந்தே பொய்" என்பதுதான் குற்றம். கணிப்புத் தவறுவது குற்றமில்லை. பனியன் வேஸ்ட் குடோன் பக்கம் புகை எழுகிறது, தீயணைப்பு வண்டி வந்து பார்த்தால் யாரோ கரும்புச் சோகை எரித்திருக்கிறார்கள் என்றால் உங்கள்மேல் தப்பே இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "புகை தெரியுது, தீ தெரியலை, உள்ள ஆள் இருக்காங்களானு தெரியாது." போனின் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தியதில் தவறுதலாக 112-க்கு அழைப்பு போய்விட்டால், பதறிப்போய்த் துண்டிக்காதீர்கள். எதிர்முனையில் எடுத்ததும் "தவறி அழுத்திட்டேன், இங்க பிரச்சினை எதுவும் இல்லைங்க" என்று சொன்னால் போதும்.

வெடிகுண்டு மிரட்டல் வேறு ரகம். 1998 பிப்ரவரி 14-இல் தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த கோவை இது. இங்கே அப்படி ஓர் அழைப்பை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. பெயரை மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக இரண்டாண்டு வரை சிறை உண்டு. பறக்கும் விமானத்துக்கு ஆபத்து உண்டாகும்படி தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால், 1982-ஆம் ஆண்டு விமானப் பாதுகாப்புச் சட்டப்படி ஆயுள் தண்டனை. சிம்மை உடைத்துப்போட்டால் தப்பிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. போனுக்கே உரிய ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணும் டவர் பதிவும் இருக்கின்றன. பரீட்சைக்குப் பயந்து பிள்ளைகள் இப்படி வெடிகுண்டு மிரட்டல் விடுத்தால் ஏழு வயதுக்குக் கீழ் குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளையின் புரிதலைப் பார்ப்பார்கள். அதற்குமேல் பதினெட்டு வரை இளைஞர் நீதிக் குழுமம்.

பவானிசாகர் அணை அதன் முழு அளவான 105 அடியைத் தொடும் நாட்களில் "அணை உடையப் போகுது" என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவதும் இதே கணக்குதான். பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால், 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். ரயிலில் காரணமில்லாமல் சங்கிலியை இழுத்தால் முதல் முறை குறைந்தது 500 ரூபாய் அபராதம், மறுமுறை குறைந்தது மூன்று மாதம் சிறை.

ஆத்திரத்தில் பொய் சொல்லிவிட்டீர்களா? வண்டி வந்து சேருமுன் அதே எண்ணுக்கு அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். குற்றம் அழியாது, ஆனால் அந்த வண்டி தேவைப்படுகிற இன்னொருவரிடம் போய்ச் சேரும். சம்மன் வந்தால் தேதியைத் தவறவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவி எண் 15100.