ஈறு ஓரத்துப் பள்ளத்தை ஜிஐசி கொண்டு அடைப்பது: பொடி கலப்பதிலிருந்து வார்னிஷ் வரை

ஈறை ஒட்டிப் பல் தேய்ந்து, ஆப்பு செதுக்கியது போல ஒரு பள்ளம் விழும். முரட்டுப் பிரஷ்ஷை இடவலமாக அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும், செங்கல்பொடியும் சாம்பலும் கொண்டு பல் துலக்கிப் பழகிய பெரியவர்களுக்கும் இது சகஜம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். பல் மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே அடைக்கக் கற்றுக்கொள்ளும் பள்ளங்களில் இதுவும் ஒன்று. அதற்கு எடுக்கும் பொருள் கிளாஸ் அயனோமர் சிமெண்ட், கிளினிக் பேச்சில் ஜிஐசி.

இந்தக் குறிப்பு மாணவர்களுக்கும் கிளினிக் உதவியாளர்களுக்கும் மட்டுமே. வீட்டில் தானே பல்லை அடைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். பள்ளத்தின் அடியில் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது.

ஏன் ஜிஐசி?

1969 வாக்கில் லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கிய பொருள் இது. பொடி, ஃபுளோரைடு கலந்த அலுமினோ சிலிக்கேட் கண்ணாடி. திரவம், பாலிஅக்ரிலிக் அமிலமும் தண்ணீரும். அதோடு கொஞ்சம் டார்டாரிக் அமிலம் இருக்கும். வேலை செய்ய அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு சட்டென்று இறுக வைப்பது அதுதான்.

அமிலம் கண்ணாடித் துகள்களின் மேற்பரப்பை அரிக்கும். வெளியே வரும் கால்சியம் முதலில் அமிலச் சங்கிலிகளைப் பிணைக்கும். சில நிமிடங்களில் இறுகுவது இதனால். அலுமினியம் மெதுவாக வந்து சேரும். அதன் வேலை முடிய 24 மணி நேரமாவது ஆகும். பிந்தைய படிகளில் வார்னிஷ், வாஸ்லைன் என்று நாம் படும் பாடெல்லாம் இந்த இடைவெளிக்காகத்தான்.

அதே அமிலம் பல்லில் உள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் தனியாகப் பசை வேண்டாம், குழியை உட்புறம் அகலமாகக் குடையவும் வேண்டாம். சூட்டில் விரிவதும் கிட்டத்தட்ட பல்லைப் போலவே. ஒரு டிகிரிக்கு டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல்லின் பகுதி) பத்து லட்சத்தில் 8 பங்கு விரிந்தால் ஜிஐசி 11 பங்கு, பாதரசம் கலந்த உலோக அடைப்பான அமல்கம் 25. காப்பி குடித்துவிட்டு ஐஸ் தண்ணீர் குடிப்பவர் வாயில், ஃபில்லிங் ஓரம் விட்டுப்போகாமல் இருக்க இது உதவும்.

வலிமைதான் இதன் பலவீனம். அமுக்கும் விசையை 150 மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கும்; இழுத்தால் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தாங்காது. கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பெரிய குழிக்கு இதை நம்பி வைக்காதீர்கள். அங்கே காம்போசிட்டோ (ரெசின் அடைப்பு) கிரவுனோதான் (பல்லை மூடும் உறை) சரி. அமல்கம், பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகெங்கும் குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் சில விதிவிலக்குகள் தவிரத் தடை.

படி 1: நிறம் பாருங்கள், சுத்தம் செய்யுங்கள்

பல் ஈரமாக இருக்கும்போதே ஷேட் பாருங்கள். உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும். அதை நம்பி எடுத்தால் ஃபில்லிங் மறுநாள் பல்லைவிட வெள்ளையாக நிற்கும்.

பியூமிஸ் பொடியை வெறும் தண்ணீரில் குழைத்துப் பள்ளத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் பேஸ்ட் வேண்டாம், சிமெண்ட் ஒட்டாது. சொத்தை இல்லாத வெறும் தேய்மானம் என்றால் டிரில் தேவையே இல்லை. பள்ளம் பற்கூழுக்கு மிக அருகே போயிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு கால்சியம் ஹைட்ராக்சைடு வையுங்கள். முழுத் தரையிலும் பூசினால் ஜிஐசி ஒட்டப் பல்லே மிஞ்சாது.

படி 2: கண்டிஷனர்

ஜிஐசி ஒட்டுவதற்குப் பல் பரப்பைத் தயார்ப்படுத்துவது கண்டிஷனர். பாலிஅக்ரிலிக் அமிலக் கண்டிஷனர் 10% என்றால் 20 விநாடி, 20% என்றால் 10 விநாடி. பஞ்சால் தடவி, தண்ணீரால் நன்கு கழுவுங்கள். காம்போசிட்டுக்கு வைத்திருக்கும் 37% பாஸ்பாரிக் அமிலத்தை எடுத்துவிடாதீர்கள். அது டென்டினில் உள்ள கால்சியத்தையே உருவிவிடும். ஜிஐசி பிடித்துக்கொள்ள வேண்டிய ஆளை நாமே வெளியே அனுப்பியது போல.

கன்னத்துப் பக்கம் காட்டன் ரோல், எச்சில் உறிஞ்சும் குழாய் இரண்டும் வைத்த பிறகு, பஞ்சு உருண்டையால் ஒற்றி எடுங்கள். ஏர் சிரிஞ்சால் ஊதி ஊதி வெள்ளையாக்கக் கூடாது. பரப்பு லேசாக மினுமினுக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

படி 3: கலப்பது

கெட்டுப்போகும் ஜிஐசி பெரும்பாலும் கெடுவது வாயில் அல்ல, மிக்ஸிங் பேடில் (கலக்கப் பயன்படும் தாள் அடுக்கில்). இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

பொடி பாட்டிலை உள்ளங்கையில் தட்டி, இறுகிய பொடியை உதிரியாக்குங்கள். அந்தப் பாட்டிலோடு வந்த ஸ்கூப்பில் அள்ளி, பாட்டில் வாயில் உள்ள பிளாஸ்டிக் விளிம்பில் இழுத்து மட்டம் தட்டுங்கள். ஒரு கம்பெனி ஸ்கூப் இன்னொரு கம்பெனி பொடிக்கு ஆகாது. ஒரே கம்பெனியின் டைப் 2 (வழக்கமான அடைப்பு வகை) ஸ்கூப்பும் டைப் 9 (கெட்டியான வகை) ஸ்கூப்பும்கூட மாறக் கூடாது. ஜிசி கம்பெனியின் டைப் 9 வகையான கோல்ட் லேபிள் 9-க்கு ஒரு மட்ட ஸ்கூப்புக்கு ஒரு சொட்டு, அதாவது எடையில் 3.6 பங்கு பொடிக்கு 1 பங்கு திரவம். டைப் 2-க்கு 2.7-க்கு 1. டைப் 9 கெட்டியாக, மாவு போல வருவது இந்த வித்தியாசத்தால்தான்.

திரவப் பாட்டிலை முதலில் படுக்க வைத்து முனையில் திரவம் நிரம்ப விடுங்கள். பிறகு நேர்குத்தாகத் தலைகீழாய்ப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அரைச் சொட்டுதான் விழுந்திருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி விடுங்கள். கலக்கத் தயாரான பிறகே திரவத்தை விட வேண்டும். சும்மா கிடந்தால் தண்ணீர் ஆவியாகிக் குழகுழப்பாகும். இரண்டு பாட்டில்களையும் உடனே மூடுங்கள். திரவத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அதுவும் கெட்டியாக்கிவிடும்.

ஸ்பேட்டுலா பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடித் துகள் ஸ்டீலைச் சுரண்டும், ஃபில்லிங் சாம்பல் நிறமாகும்.

பொடியை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதியைத் திரவத்தோடு 10 விநாடி, மீதியைச் சேர்த்து இன்னும் 15 விநாடி. டைப் 9-க்கு மொத்தம் 25 முதல் 30 விநாடிதான். மற்றவற்றுக்கு அதனதன் துண்டுச்சீட்டைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்துக்குள், மடித்து மடித்துக் கலக்க வேண்டும். துத்தநாக பாஸ்பேட் சிமெண்டைப் போலப் பேட் முழுக்க இழுத்து அரைக்கக் கூடாது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு துகளின் மேலும் ஈரம் படுவதுதான். அரைத்தால் அப்போதுதான் உருவாகும் பிணைப்பு அறுந்துபோகும்.

முடிந்ததும் பாருங்கள்: கலவை பளபளவென்று இருக்க வேண்டும். பல்லைப் பிடிக்க இன்னும் அமிலம் மீதி இருக்கிறது என்பதற்கு அந்தப் பளபளப்புதான் அத்தாட்சி. மங்கிவிட்டாலோ, ஸ்பேட்டுலாவைத் தூக்கினால் சிலந்தி நூல் போல இழுத்தாலோ தூக்கிப் போடுங்கள். வைத்தாலும் நிற்கும், சில நாளில் அப்படியே கழன்று கையில் வரும். ஒரு சொட்டுத் திரவம் விட்டு இளக்கலாமே என்று தோன்றும், கூடாது.

தண்ணீராக ஓடுகிறதென்றால் பொடி குறைவு: வலிமை குறையும், எச்சிலில் கரையும். பொடியாக உதிர்கிறதென்றால் பொடி அதிகம்: ஒட்டாது. சென்னை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சீட்டில் போட்ட நேரம் செல்லாது. அது 23 டிகிரிக்குச் சொன்னது. 33 டிகிரியில் நேரம் கணிசமாகக் குறையும். கண்ணாடிப் பலகையைக் குளிர வைத்துக் கலக்கலாம், ஆனால் மேலே வியர்வை போலத் தண்ணீர் கோத்தால் அந்தத் தண்ணீரும் கலவையில் சேரும்.

பொடியும் திரவமும் அளந்து அடைத்து வரும் காப்ஸ்யூல் வாங்க வசதி இருந்தால் இந்த அளவுச் சிக்கல் எதுவும் இல்லை. விலைதான் கூடுதல்.

படி 4: வைப்பது

கலக்கத் தொடங்கியதிலிருந்து சுமார் 2 நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். பள்ளத்தின் ஒரு மூலையிலிருந்து தள்ளிக்கொண்டே நிரப்புங்கள். நடுவில் அப்பினால் அடியில் காற்று சிக்கும். கொஞ்சம் மேடாகவே வைத்து, பல்லின் வளைவுக்குப் பொருந்தும் மெல்லிய அச்சுத் தகடான செர்விகல் மேட்ரிக்ஸால் அழுத்திப் பிடியுங்கள். பிடித்த பிறகு ஆட்டக் கூடாது.

பேடில் மீந்த சிமெண்டைக் குத்திப் பாருங்கள். வாயின் சூட்டில் ஃபில்லிங் அதைவிட முந்தி இறுகும். எனவே பேடில் இறுகியிருந்தால் வாயிலும் இறுகியிருக்கும்.

படி 5: மூடுவது

மேட்ரிக்ஸை எடுத்த உடனே வார்னிஷ். முதலில் பிசிறு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். இந்த நிலையில் எச்சில் பட்டால் இன்னும் பிணையாத கால்சியமும் அலுமினியமும் கரைந்து போய், மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுக்கும். காற்றில் காய்ந்தாலோ மயிரிழை வெடிப்பு விழும். வாஸ்லைன் நாக்கும் கன்னமும் பட்டு விரைவில் போய்விடும். லைட் அடித்து இறுகும் ரெசின் பூச்சு கிடைத்தால் அதுவே மேல்.

வார்னிஷ் பூசிய பிறகு கூரான பிளேடால் பிசிறை வெட்டுங்கள். கத்தி ஃபில்லிங்கிலிருந்து பல்லை நோக்கிப் போக வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் ஓரம் பெயரும். வெட்டிய இடத்தில் மறுபடி வார்னிஷ். ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

டைப் 9-ஐ 6 நிமிடத்துக்குப் பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டே மெருகேற்றலாம். பழைய வகை என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள்.

பிற்பாடு வரும்போது ஃபுளோரைடு ஜெல் வைக்க நேர்ந்தால், அமிலம் கலந்த ஏபிஎஃப் ஜெல்லை எடுக்காதீர்கள். அது ஜிஐசியின் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு வையுங்கள். அதிலிருந்து ஃபில்லிங் ஃபுளோரைடை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடும்.