உறுப்பினர்கள் மனம் கோணாமல் இணையக் குழுவில் வருமானம் ஈட்டும் வழி

கடலூர் முதுநகரில் மீன் விலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு குழு, பண்ருட்டி வட்டாரத்து முந்திரி விவசாயிகளுக்கு ஒரு குழு, புதுச்சேரியில் வாடகை வீடும் வேலையும் தேடுவோருக்கு ஒரு குழு என்று நம் பகுதியில் இணையக் குழுக்கள் பெருகிவிட்டன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியதே, அப்படிப்பட்ட நேரத்தில் எந்தத் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதும் ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை. அந்த வரியை எழுதுபவர் உறுப்பினர். அது தொலையாமல், பொய்ச் செய்தி கலக்காமல் பார்த்துக்கொள்பவர் அட்மின். அட்மினின் உழைப்புக்கும் செலவுக்கும் யாராவது பணம் தந்தாக வேண்டும். அதை யாரிடம், எதற்காக, எப்படிக் கேட்பது என்பதில்தான் பல குழுக்கள் தடுமாறிக் கலைகின்றன. இதற்கு நான் உறுதியாக நம்பும் விதி ஒன்றுதான்: உறுப்பினர்கள் இதுவரை இலவசமாகப் பெற்றுவந்த எதற்கும் விலை வைக்காதீர்கள், நீங்கள் புதிதாகச் சேர்க்கும் உழைப்புக்கும், குழுவால் வியாபாரம் பெருகுபவர்களிடமும் மட்டும் பணம் கேளுங்கள்.

முதலில் செலவைக் குறையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை சேர்க்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆயினும் குழு சற்றே பெரிதானதும் சொந்தமாகச் செயலி ஒன்று வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. செயலி வந்துவிட்டால் சர்வர் வாடகை, பராமரிப்பு, குறைகளைச் சரிசெய்பவருக்கான கூலி எல்லாம் மாதந்தோறும் வந்து நிற்கும். அந்தச் செலவை ஈடுகட்டும் அவசரத்தில்தான் உறுப்பினர்களை எரிச்சலூட்டும் விளம்பரங்களும் திடீர்க் கட்டணங்களும் உள்ளே நுழைகின்றன. ஆகவே, இலவசத் தளத்தில் செய்யவே முடியாத ஒரு வேலை இருந்தாலொழிய, செயலியைத் தள்ளிப்போடுவதே நல்லது. செயலிக்குள் கூகுள் பிளே வழியாகச் சந்தா வாங்கினால் அதில் 15 சதவீதம் வரை அந்நிறுவனத்துக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். யூபிஐ வழியாக வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் தொகைக்குப் பிடித்தம் எதுவும் இல்லை.

அதன்பின் ஒரு தாளில் மாதச் செலவை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, 3,000 பேர் உள்ள குழுவுக்குத் தரவுச் சேமிப்பும் இணையச் செலவும் 2,500 ரூபாய், தவறான பதிவுகளை நீக்கும் பகுதிநேர உதவியாளர் இருவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 10,500 ரூபாய். ஒரு கடைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று ஆறு கடைகளின் விளம்பரமும், விருப்பப்பட்டு மாதம் 50 ரூபாய் தரும் 60 பேரும் இருந்தாலே 12,000 ரூபாய் வந்துவிடுகிறது. மீதமுள்ள 2,940 பேரிடம் ஒரு காசு கேட்க வேண்டியதில்லை. உதவியாளர்கள் அதுவரை சும்மா உழைத்தவர்களாக இருப்பார்கள். வரும் பணத்தில் முதல் பங்கு அவர்களுக்கே போக வேண்டும், ஏனெனில் அட்மின் மட்டும் சம்பாதிக்கிறார் என்ற எண்ணம் முதலில் முளைப்பது அவர்களிடத்தில்தான்.

யாரிடம் கேட்கக் கூடாது

பயணிகளை உள்ளூர்க்காரர்கள் தம் வீட்டிலேயே இலவசமாகத் தங்கவைக்க உதவிய கவுச்சர்ஃபிங் என்ற தளத்தைப் பாருங்கள். 2004இல் தொடங்கிய அத்தளம் 2011இல் இலாப நோக்குள்ள நிறுவனமாக மாறியது. 2020 மே மாதத்தில், கட்டணம் செலுத்தினால்தான் உள்ளே நுழையலாம் என்று கதவை அடைத்தது. தொகை சிறியதுதான். ஆனால் ஆண்டுக்கணக்காக விருந்தினரை வரவேற்றுத் தம் நற்பெயரைச் சேர்த்துவைத்திருந்தவர்கள், அந்தப் பதிவுகளைத் தாமே பார்க்கவும் காசு கொடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. கோபம் தொகையின் அளவால் வந்ததன்று. தாம் கொடுத்ததைத் தமக்கே விற்றார்கள் என்பதால் வந்தது. கொடுப்பவரின் உள்ளம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு விக்கிப்பீடியாவிலும் சான்று உண்டு. விளம்பரம் போடக்கூடும் என்ற பேச்சு எழுந்ததற்கே, 2002இல் ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்களில் பலர் பிரிந்துபோய்த் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். விக்கிப்பீடியா இன்றளவும் விளம்பரமின்றி, பெரும்பாலும் நன்கொடையிலேயே நடக்கிறது.

விளம்பரத்தை எப்படி ஏற்பது

கோயில் திருவிழாவில் உபயதாரரின் பெயர் நோட்டீசில் இருக்கும். அவருக்குரிய மரியாதையும் கிடைக்கும். ஆனால் தேர் போகும் வீதியை அவரால் மாற்ற முடியாது. விளம்பரதாரரையும் அந்த இடத்திலேயே வையுங்கள். நாளொன்றுக்கு ஒரு விளம்பரம், அதுவும் குறித்த நேரத்தில் மட்டும் என்று வரையறுத்து, முதல் சொல்லே 'விளம்பரம்' என்று இருக்கும்படி வெளியிடுங்கள். பணம் பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பதை மறைக்கக் கூடாது என்று 2022இல் வெளியான மத்திய அரசின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. கடையின் பெயர், இடம், சலுகை, அது முடியும் நாள் ஆகிய நான்கு விவரங்கள் போதும். ஒரு கடையைப் பற்றி உறுப்பினர் குறை எழுதினால், அக்கடை விளம்பரம் தருகிறது என்பதற்காக அதை நீக்கவே கூடாது. இந்த நிபந்தனையைப் பணம் வாங்கும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த நாட்களில் விளம்பரம் அறவே கூடாது. அந்த நாட்களுக்கு ஈடாகப் பின்னர் கூடுதல் நாட்கள் தரலாம். கந்துவட்டிச் செயலிகளும், இணையச் சூதாட்டமும், 'வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்' என்ற அழைப்புகளும் மற்றவர்களைவிட அதிகத் தொகை தருவதாகச் சொல்லிக்கொண்டு வரும். எவ்வளவு நெருக்கடியிலும் அவற்றுக்கு இடமில்லை.

சந்தா வைக்கத் தகுந்தது எது

இதில்தான் மிகுந்த கவனம் தேவை. மீன் விலைக் குழுவையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது, சங்கரா எவ்வளவு வந்தது என்று துறைமுகத்தில் நிற்பவர் எழுதுகிறார். அந்த விலைகளை நீங்கள் திரட்டி, நாள்வாரியாக அட்டவணையாக்கி, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால், புதுச்சேரியின் உணவகங்களும் மொத்த வியாபாரிகளும் அதற்குப் பணம் தர முன்வரக்கூடும். அட்டவணை உங்கள் உழைப்பு. அதற்கு விலை கேட்பது நியாயமே. ஆனால் காசு கொடுத்தவருக்கு விலையை அரை மணி முன்னதாகச் சொல்லத் தொடங்கினால், அதைத் தெரிந்துகொண்டு வியாபாரி துறைமுகத்தில் விலையை அடித்துக் கேட்பார். தகவல் கொடுத்த மீனவரின் வயிற்றில் அடித்ததாக அது முடியும். எனவே விலைச் செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலவசமாகப் போக வேண்டும். சந்தாதாரருக்குத் தொகுப்பும் ஒப்பீடும் மட்டும் கிடைக்க வேண்டும். விலை எழுதுபவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள், அட்டவணையை அவர்களுக்கு இலவசமாகவே கொடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அந்த இரண்டு மாதங்களுக்குச் சந்தாவைக் குறைப்பதும் முறையாகும்.

எப்படி அறிவிப்பது

பல்லாயிரம் உரையாடல் குழுக்களைக் கொண்ட ரெடிட் என்ற இணையதளத்தின் நிறுவனம், அத்தளத்தைப் படிக்கப் பிறர் உருவாக்கிய வெளிச் செயலிகளுக்கு 2023இல் கட்டணம் விதித்தபோது, விலை தெரிந்ததற்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தது. அப்படிப்பட்ட வெளிச் செயலிகளில் ஒன்றான அப்போலோவை உருவாக்கியவர், தமக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாகும் என்று கணக்கிட்டு, ஜூன் 30 அன்று அதை மூடிவிட்டார். ஜூன் 12 முதல் ரெடிட்டின் ஆயிரக்கணக்கான குழுக்கள் தம்மைப் பூட்டிக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தன. பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது; நம் ஊர்க் குழு ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆகவே மூன்று மாதம் முன்னதாகவே வரவுசெலவுக் கணக்கை அப்படியே குழுவில் வையுங்கள். என்னென்ன வழிகளை யோசிக்கிறீர்கள் என்று சொல்லி, ஆட்சேபங்களைக் கேளுங்கள். நன்றாக எழுதும் பத்துப் பதினைந்து பேரிடம் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசுங்கள். அவர்களில் ஒருவர் தயங்கினாலும் அந்தத் தயக்கத்தின் காரணம் முழுதாக விளங்கும்வரை பேசுங்கள். தொடங்கியபின் உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மனம் வெறுத்தவர் பெரும்பாலும் குழுவைவிட்டு வெளியேறுவதில்லை. மியூட் போட்டுவிட்டு மௌனமாகிவிடுவார். வாரத்துக்கு எத்தனை பேர் எழுதினார்கள், கேட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது என்று குறித்துவையுங்கள். இவை தொடர்ந்து குறைந்தால் புதிய ஏற்பாட்டை நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புங்கள்.

ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கடலூரானாலும் புதுச்சேரியானாலும், சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். அதற்கு வெகு முன்பே தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். வீட்டுச் செலவும் குழுவின் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், நாணயமாக நடந்தாலும் அதைக் காட்ட முடியாது.

குழு வளர்ந்தால் அதை விலைக்குக் கேட்டும் சிலர் வருவார்கள். அவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை. வெள்ள நேரத்தில் உதவி கேட்பதற்காக ஒருவர் கொடுத்த எண்ணை மனை விற்பவரிடம் ஒப்படைப்பது துரோகம். ஒரு காரியத்துக்காகச் சம்மதித்துத் தந்த விவரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்பதில்லை. நிர்வாகத்தைக் கைமாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வாங்குபவர் யார் என்பதைக் குழுவில் அறிவித்து, விரும்பாதவர்கள் தம் விவரங்களை நீக்கிக்கொள்ள ஒரு மாத அவகாசம் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.