விபத்துக்குப் பிறகு மறுபடியும் டிராக்கில்: என் அனுபவம்

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் நான் காரோடு சுவரில் மோதியதற்குக் காரணம் பழைய பிரேக் ஆயில். இரண்டு வருஷமாக மாற்றவே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்திலுள்ள புது பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 155 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடலாம்; உள்ளே ஆவிக் குமிழ்கள் வந்து பிரேக் பிடிக்காது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கியது இன்னும் என் பாதத்தில் நிற்கிறது. காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன.

எட்டு மாதம் கழித்து, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர்தான், மறுபடி தொடங்க நல்ல இடம். ஹெல்மெட், பெல்ட் இரண்டும் புதுசு. அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தயவுசெய்து இதில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆனால் என் கால்தான் கேட்கவில்லை. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டேன். எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்கள் பிடி விட்டு, வண்டி பாதி சுழன்றது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் அமைதியாகச் சொன்னார்: "சுவரைப் பாக்காதீங்க தம்பி. வெளியேறுற இடத்தப் பாருங்க."

அதன்பின் முப்பது மீட்டர் முன்னாடியே, நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்தேன். வளைவுக்குள் காலை லேசாக, ஒரே சீராக வைத்தேன். நாலாவது செஷனில் கழுத்து இறுக்கம் தளர்ந்தது. இப்போது ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் புது ஆயில், என் கையாலேயே.