பூனைக்கும் நாய்க்கும் கிட்னி கோளாறு: ப்ரோபயாடிக்கை எப்போது, எப்படிக் கொடுப்பது

கும்பகோணத்தில் இருபத்தாறு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ப்ரோபயாடிக் சாஷே, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமித் தூள் பொட்டலம், கேட்டு வந்தால் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அர்த்தம். இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது நாய்க்கு, பூனைக்கு என்று கேட்கிறார்கள். அதிலும் பாதிப் பேர் கேட்பது வயிற்றுக்கு இல்லை, கிட்னிக்கு. மொபைலில் எங்கோ பார்த்திருப்பார்கள். எனக்கு விற்றால் லாபம்தான். ஆனால் என் வீட்டிலேயே கிட்னி கோளாறுள்ள ஒரு கிழப்பூனை இருப்பதால், சாஷேயை எடுத்துக் கொடுக்கும் முன்னால் வாய் தானாகத் திறந்துவிடுகிறது.

அவள் பெயர் கருப்பாயி. கடைக்கு வந்த சலைன் அட்டைப்பெட்டிக்குள் குட்டியாகக் கிடைத்தவள், இப்போது பதினான்கு வயது. போன வருடம் பங்குனியில், குளியலறைக் குவளையில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். மணல் தட்டில் அள்ளும் ஈர உருண்டைகள் எலுமிச்சை அளவிலிருந்து சாத்துக்குடி அளவுக்குப் போயின. வெயில் காலம், தாகம் எடுக்கிறது என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். மருந்துக்கடைக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனையில், சிறுநீரகம் கழிக்காமல் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 2.4 மில்லிகிராம், அதே போன்ற இன்னொரு ரத்த அளவான எஸ்.டி.எம்.ஏ. 21, சிறுநீரின் அடர்த்தி 1.014. பூனைக்கு 1.035-க்குக் கீழே போனாலே சிறுநீரகம் தண்ணீரைச் சுண்ட வைக்கத் திணறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஐரிஸ் என்ற உலகளாவிய பட்டியலில் நான்கு நிலைகள் உண்டு; பூனைக்கு கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. நாய்க்கு அதே நிலை 1.4-இல் தொடங்குகிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் நன்றாக ஏறும் என்பதை டாக்டர் சொன்னபோது அந்த ஒரு மாதத்தை நினைத்து நொந்துகொண்டேன்.

சரி, கிட்னிக்கும் குடல் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரகம் வெளியே தள்ள முடியாத யூரியா ரத்தத்தில் சேர்கிறது. அதில் ஒரு பகுதி குடலுக்குள்ளும் கசிகிறது. அங்கே இருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. இன்னொரு பக்கம், செரிக்காத புரதம் பெருங்குடலில் புளிக்கும்போது உண்டாகும் பொருள்கள் கல்லீரல் வழியாகப் போய் இண்டாக்ஸில் சல்பேட் போன்ற நஞ்சுகளாகின்றன. நல்ல சிறுநீரகம் அதைக் கழித்துவிடும்; நலிந்த சிறுநீரகத்தில் அது தேங்கும். சிறுநீரகம் நலிந்த பூனைகளின் மலத்தில் பாக்டீரியா வகைகள் குறைந்திருப்பதும், ரத்தத்தில் இண்டாக்ஸில் சல்பேட் கூடியிருப்பதும் 2019-இல் வந்த ஒரு ஆய்வில் காணப்பட்டது. அப்படியானால் நல்ல கிருமிகளை உள்ளே அனுப்பி யூரியாவைத் தின்ன வைத்தால் என்ன? இந்த எண்ணத்தில்தான் அசோடில் போன்ற கேப்ஸ்யூல்கள் வந்தன.

எண்ணம் நல்ல எண்ணம்தான். சோதனையில் என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் பத்துப் பூனைகளை எடுத்து, ஒரு பாதிக்கு அசோடிலையும் மறு பாதிக்கு நம்மூர் இசப்கோல் தூளையும் உணவில் தூவி இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். யூரியாவிலும் கிரியாட்டினினிலும் வித்தியாசம் தெரியவில்லை. உறையைத் திறந்து தூவினால் வயிற்று அமிலம் கிருமிகளைக் கொன்றிருக்கலாம், அதனால் கேப்ஸ்யூலே வீண் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நாய்களில், பல கிருமிகள் கலந்த வி.எஸ்.எல்.3 என்ற மருந்தை இரண்டு மாதம் கொடுத்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு தேறியதாக 2017-இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். கடையில் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயிறு சீராக இருக்க உதவலாம், கிட்னியைச் சரிபண்ணும் என்று வாங்காதீர்கள்.

அதனால் வரிசையில் இதைக் கடைசியில் வையுங்கள். முதலில் பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு. கிட்னி பூனைகளின் ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு இருப்பதிலேயே வலுவான சான்று அதற்குத்தான் இருக்கிறது. அப்புறம் தண்ணீர். கருப்பாயிக்கு வீட்டில் நான்கு இடத்தில் கிண்ணம், ஈர உணவில் இன்னும் இரண்டு ஸ்பூன் வெந்நீர். பிறகு ரத்த அழுத்தம், பாஸ்பரஸ், சிறுநீரில் புரதம். ஒன்றை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: மலச்சிக்கல். உடம்பில் நீர் வற்றிய பூனைக்கு மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி காய்ந்து போகும். குடலில் எவ்வளவு நேரம் தேங்குகிறதோ அவ்வளவு நேரம் புரதம் புளிக்கிறது. டாக்டர் எழுதிய அளவில் லாக்டுலோஸ் சிரப் கொடுத்து இதைச் சரிசெய்ததுதான் கருப்பாயியிடம் எனக்குக் கண்ணால் தெரிந்த முதல் மாற்றம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகம் திருப்புவது நின்றது.

இவ்வளவுக்கும் பிறகு டாக்டர் ‘கொடுத்துப் பார்க்கலாம்’ என்றால் வாங்குங்கள். வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் படியுங்கள். கிருமியின் பெயர் முழுசாக இருக்க வேண்டும். ‘நல்ல பாக்டீரியாக்கள் கலவை’ என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எண்ணிக்கை, தயாரித்த அன்று இருந்ததா, எக்ஸ்பைரி வரை இருக்கும் என்கிறார்களா என்று பாருங்கள். சேர்மானங்களில் சைலிட்டால் இருந்தால் நாயிடம் கொண்டே போகக் கூடாது. சர்க்கரை அளவைத் தடாலென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். மனிதர்களுக்கான, சுவை சேர்த்த மாத்திரைகளில் இது இருக்கலாம். வைட்டமின் டி சேர்த்ததும் வேண்டாம். இன்னொன்று மருந்துக்கடைக்காரன் கண்ணுக்குத்தான் படும்: மாத்திரையைக் கட்டியாக்கச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட். அளவு கொஞ்சம்தான், ஆனாலும் ஒரு பக்கம் பாஸ்பரஸைக் கட்ட மருந்து கொடுத்துக்கொண்டு மறுபக்கம் அதையே ஊட்டுவானேன்?

நம்மூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மூன்று வகை. பேசிலஸ் கிளாசி என்ற வித்துக் கிருமி, 5 மில்லி குப்பியில் 200 கோடி. தண்ணீர் மாதிரி இருக்கும், சுவையில்லை, வெயிலைத் தாங்கும். சாக்கரோமைசஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட்; பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக் இதைக் கொல்லாது. மூன்றாவது லாக்டோபேசிலஸ் வகைகள். சூட்டுக்கும் ஈரத்துக்கும் பயந்தவை. இந்த மூன்றையும் நான் வயிற்றுப்போக்குக்குத்தான் விற்கிறேன். கிட்னிக்கென்று வரும் கேப்ஸ்யூலை என் மொத்த வியாபாரி வைத்திருப்பதில்லை. கருப்பாயிக்கு ஒரு ஆன்லைன் கடையில் வரவழைத்தேன். அக்னி நட்சத்திரத்தில், ஐஸ் பொதி உருகி வெந்நீராகிய நிலையில் வந்து சேர்ந்தது. லேபிளில் ‘குளிர்பதனத்தில் வைக்கவும்’ என்று கொட்டை எழுத்து. பணத்தைத் திருப்பி வாங்கப் போராடினேன், வரவில்லை. நீங்கள் மார்கழியில் வாங்குங்கள், அல்லது கையோடு யாராவது கொண்டுவர வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும்போது கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும் போதெல்லாம் சூடாகும், ஃப்ரீசரும் வேண்டாம். நடுத்தட்டு.

கொடுக்கும் விதத்தில்தான் நான் சறுக்கினேன். கேப்ஸ்யூலைப் பார்த்ததும் கருப்பாயி பீரோ மேல் ஏறிக்கொண்டாள். சரி என்று உறையைப் பிரித்துச் சிறுநீரக உணவில் கலந்துவிட்டேன். ஒரு முறை முகர்ந்தாள், முன்காலால் தரையைச் சுரண்டினாள், மலத்தை மூடுவது போல. மறுநாள் கலக்காத அதே உணவை வைத்தும் அதே சுரண்டல்தான். இரண்டு நாள் எதையும் தொடவில்லை. பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும், அதுவே உயிருக்கு ஆபத்து. மூன்று வாரம் பாடுபட்டுப் பழக்கிய உணவை ஒரு சிட்டிகைத் தூளால் கெடுத்துக்கொண்டேன். வேறு கம்பெனிச் சிறுநீரக உணவுக்கு மாற்றித்தான் மீண்டாள்.

அதனால் சிறுநீரக உணவில் எதையும் ஒளிக்காதீர்கள். உறையைத் திறக்கக் கூடாது என்று போட்டிருக்கும் கேப்ஸ்யூலை இப்படிக் கொடுக்கலாம்: பூனையைப் பழைய துண்டில் கழுத்துவரை சுருட்டி, முதுகு உங்கள் வயிற்றில் படும்படி மடியில் வையுங்கள். எதிரே நின்று நீட்டினால் பின்னாலேயே நகரும். கேப்ஸ்யூலில் உப்பில்லாத வெண்ணெயை லேசாகத் தடவுங்கள். இடது கையால் தலையை மேலிருந்து பிடித்து மூக்கைக் கூரைப் பக்கம் தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது நடுவிரலால் கீழ்ப்பல்லை அழுத்தி, நாக்கின் நடு முதுகுக்குப் பின்னால் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினாள் என்றால் விழுங்கிவிட்டாள். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இதை விடாதீர்கள், தண்ணீரில்லாமல் போன மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். முதல் வாரம் எனக்குக் கையெல்லாம் கீறல். இரண்டாம் வாரம் துண்டை எடுத்தாலே பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வித்துக் கிருமிக் குப்பி என்றால் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. டாக்டர் சொன்ன அளவை சிரிஞ்சில் எடுத்து, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. எந்த வகையானாலும் குறைந்த அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஸ்டீராய்டோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு மருந்தோ சாப்பிடும் பிராணிக்கு உயிருள்ள கிருமியைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

நாய் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டதும் அதுதான். அவர்கள் ஜானிக்குப் பதினோரு வயது, கிட்னி மூன்றாம் நிலை.

“தம்பி, நான்தான் தினமும் தயிர்சாதம் போடறேனே, அதுல இல்லாத பாக்டீரியாவா உங்க சாஷேல இருக்கு?”

“உப்பு போடறீங்களாம்மா?”

“கொஞ்சம். உப்பில்லாம எப்படிச் சாப்பிடும், பாவம்.”

தயிரில் கிருமி உண்டு, ஆனால் எந்தக் கிருமி, எத்தனை என்று யாருக்கும் தெரியாது. வயிற்று அமிலத்தைத் தாண்டுவதும் கொஞ்சம்தான். கூடவே பாலின் பாஸ்பரஸும் வருகிறது. உப்போ தாளிப்போ வெங்காயமோ இல்லாமல் ஒரு ஸ்பூன் தயிர், ஜானி மாதிரி பெரிய நாய்க்கு ருசிக்காகக் கொடுப்பதில் பெரிய தப்பில்லை. சாதத்தைப் பிசைந்து அதையே முழுச் சாப்பாடாக்குவதுதான் தப்பு. டீச்சரம்மா உப்பை நிறுத்தினார்கள். ஜானி நிறுத்தவில்லை, அதே வேகத்தில்தான் தட்டை நக்குகிறது.

மழைக்காலத்தில் நாய் திடீரென்று வாந்தி எடுத்து, சாப்பிடாமல், கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது வேறு கதை. அன்றைக்கு ப்ரோபயாடிக் கேட்டு என் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். பூனை லில்லிச் செடியைக் கடித்தாலும், நாய் திராட்சை தின்றாலும், யாராவது மனித வலி மாத்திரை கொடுத்துவிட்டாலும் அப்படியே.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நாள்காட்டி போதும். தினமும் சாப்பிட்ட அளவு, மலம், வாந்தி; வாரம் ஒரு முறை எடை. கருப்பாயியைத் துணிப்பையில் போட்டுப் பக்கத்து மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைக்கிறேன். பருப்பு வாங்க வருபவர்கள் ‘கிலோ என்ன விலை’ என்பார்கள். ப்ரோபயாடிக் தொடங்கும் அதே வாரத்தில் உணவையோ சலைன் அளவையோ மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை.

அந்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போதும் உஷார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பூனை இளைத்தால், சிறுநீரகம் ஒரு துளி தேறாமலேயே எண் இறங்கும். யூரியாவும் அப்படித்தான்: புரதம் குறைத்துச் சாப்பிட்டாலோ முதல் நாள் சலைன் ஏறியிருந்தாலோ குறையும். எடையைப் பக்கத்தில் வைக்காமல் கிரியாட்டினினைப் படிக்காதீர்கள். எஸ்.டி.எம்.ஏ. தசையைச் சார்ந்ததில்லை, முடிந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

எட்டு வாரம் கழித்துக் கருப்பாயிக்குக் கிரியாட்டினின் 2.3, எஸ்.டி.எம்.ஏ. 21, எடை 3.4 கிலோவிலிருந்து 3.45. இதில் கேப்ஸ்யூலின் பங்கு எதுவுமில்லை என்றே நினைக்கிறேன். மருந்து தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை. வயிறு இளகும் நாட்களில் மட்டும் டாக்டரைக் கேட்டு வித்துக் கிருமிக் குப்பி. லாக்டுலோஸும் நான்கு தண்ணீர்க் கிண்ணமும் தொடர்கின்றன. ஐந்தாவதாகக் குளியலறைக் குவளையையும் அவளுக்கே விட்டுவிட்டோம்.